யாருடைய பாட்டு?

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பள்ளியில் படித்த எவருக்கும் ‘ராசா சாயாங்’ பாட்டைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. முகாமிலும் பேருந்துப் பயணத்திலும் ஒருவர் தொடங்கினால் போதும். மற்றவர்கள் கைதட்டிச் சேர்ந்துகொள்வார்கள். மலாய், சீன, தமிழ் மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்த பாட்டு அது. ஆகவே, 2007ஆம் ஆண்டில் மலேசியா தன் சுற்றுலா விளம்பரத்தில் அந்தப் பாட்டைப் பயன்படுத்தியபோது உள்நாட்டில் யாரும் வியப்படையவில்லை.

இந்தோனேசியாவில் நிலைமை வேறாக இருந்தது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மலுக்குத் தீவுகள் உள்ளன. ‘ராசா சாயாங்’ தங்கள் முன்னோர் பாடிய பாட்டு என்பது அத்தீவு மக்களின் உறுதியான நம்பிக்கை. தங்கள் பாட்டு வேறொரு நாட்டுக்குப் பயணிகளை அழைப்பதைக் கண்டபோது அவர்களுக்குக் கோபம் வந்தது. மலேசியாமீது வழக்குத் தொடர வேண்டும் என்று இந்தோனேசிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வற்புறுத்தினர். அது நூசந்தாரா முழுவதற்கும் பொதுவான நாட்டுப்புறப் பாட்டு என்று மலேசியத் தரப்பு விடை கூறியது. ‘ராசா சாயாங்’ என்பதற்கு அன்புணர்வு என்று பொருள். அன்பைப் பற்றிய பாட்டுக்காகவே இரண்டு அண்டை நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு சச்சரவு எழுந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மலேசியாவைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்தில் ‘பெண்டெட்’ நடனக் காட்சி இடம்பெற்றது. பெண்டெட், பாலித் தீவின் இந்துக் கோயில்களோடு தொடர்புடைய வரவேற்பு நடனம். அந்த விளம்பரத்தை மலேசிய அரசாங்கம் தயாரிக்கவில்லை. தயாரித்த தனியார் தொலைக்காட்சி நிறுவனம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. ஆயினும் ஜகார்த்தாவில் மலேசியத் தூதரகத்தின்முன் மக்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். இனியொரு கலையையும் இழக்கமாட்டோம் என்பது அவர்களுடைய மனநிலை.

அந்தக் கோபத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு தீவின் நடனத்தையோ பாட்டையோ அத்தீவின் பெயரைச் சொல்லாமல் விளம்பரத்திற்குப் பயன்படுத்தினால் அத்தீவினர் புண்படுவது இயல்பு. மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் வாழும் மினாங்கபாவ் மக்களின் முன்னோர் சுமத்ராவிலிருந்து வந்தவர்கள். ஜொகூரிலும் சிலாங்கூரிலும் ஜாவாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஏராளமாக உள்ளனர். பூகிஸ் மக்கள் சுலாவேசியிலிருந்து வந்தனர். இவர்கள் கடல் கடந்தபோது பாட்டையும் கூத்தையும் நெசவையும் சமையலையும் உடன் கொண்டுவந்தார்கள். பல தலைமுறைகளாகத் தன் வீட்டில் பாடிவரும் தாலாட்டை, அது உன்னுடையதன்று என்று ஒரு பேரனிடம் சொன்னால் அவன் எப்படி ஏற்றுக்கொள்வான்?

இச்சிக்கலின் வேர் கலையில் இல்லை, நிலப்படத்தில் இருக்கிறது. மலாக்கா நீரிணை பல நூறாண்டுகள் இரு கரைகளையும் இணைக்கும் நீர்வழியாகவே இருந்தது. 1824ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், இலண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மலாக்கா பிரிட்டனுக்குப் போயிற்று. சுமத்ராவின் பெங்கூலு நெதர்லாந்துக்குப் போயிற்று. ஒரே அரசாக இருந்த ஜொகூர்–ரியாவ் இரண்டாகப் பிளந்தது. அந்த நீரிணையின் கரைகளில் வாழ்ந்த மக்களை யாரும் கலந்துபேசவில்லை. பின்னாளில் அந்தக் கோட்டின் இருபுறமும் தனித்தனி நாடுகள் பிறந்தன. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு கொடி, ஒரு நாட்டுப்பண், ஒரு தேசியப் பண்பாடு என்று அமைத்துக்கொண்டது. கொடியைப் பிரித்துக்கொள்ளலாம், ஒரே பாட்டை எப்படிப் பிரிப்பது?

இதற்கு விடை தேடும் முயற்சி பாட்டிலிருந்து தொடங்கவில்லை, எழுத்திலிருந்து தொடங்கியது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவும் மலேசியாவும் கடுமையான பகைமையில் இருந்தன. ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் காலம் அது. எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சிங்கப்பூரில் குண்டு வெடித்தது. பகைமை முடிந்து ஆறே ஆண்டுகளில், 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், இரு நாடுகளும் மலாய், இந்தோனேசிய மொழிகளுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் முறையை நடைமுறைப்படுத்தின.

அதற்குமுன் இருந்த நிலையைக் கவனியுங்கள். பேரப்பிள்ளையைக் குறிக்கும் ‘சூச்சு’ என்ற சொல் இரு நாடுகளிலும் ஒன்றுதான். ஒலிப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால், அதன் சகர ஒலிக்கு மலேசியர்கள் ஆங்கிலேயர் பழக்கப்படி ‘சி, எச்’ என்ற இரண்டு எழுத்துகளை இட்டனர். இந்தோனேசியர்கள் டச்சுக்காரர் பழக்கப்படி ‘டி, ஜே’ என்ற இரண்டு எழுத்துகளை இட்டனர். ஒருவர் எழுதியதை மற்றவர் தடுமாறித்தான் படிக்க முடிந்தது. என் முறையே சரி என்று எந்த நாடும் பிடிவாதம் பிடிக்கவில்லை. இரு நாடுகளும் தத்தம் பழைய முறையைக் கைவிட்டு, ‘சி’ என்ற ஒற்றை எழுத்தை ஏற்றுக்கொண்டன. கலைச்சொற்களை ஆராய்வதற்காக ஒரு கூட்டு மொழி மன்றமும் அமைந்தது. 1985இல் புருணை அதில் இணைந்தது. சிங்கப்பூர் பார்வையாளராகப் பங்கேற்கிறது. பண்பாட்டுக் கொள்கையில் நாடுகள் ஒத்துழைப்பது என்றால் பெரிய மாநாடும் மேடைப் பேச்சும் நினைவுக்கு வரும். இங்கே நடந்ததோ சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பேசித் தீர்த்த வேலை. அவ்வளவு கவர்ச்சியில்லாத வேலைதான் இன்றும் நிலைத்திருக்கிறது.

எழுத்துக்கு ஏற்பட்ட உடன்பாடு கலைகளுக்கு எளிதில் வாய்க்கவில்லை. 2003ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ பொதுமாநாடு ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அதுவரை கோட்டை, கோயில், பழைய நகரம் முதலிய கண்ணுக்குத் தெரியும் சின்னங்களையே உலகம் பெரும்பாலும் மரபுடைமை என்று பட்டியலிட்டு வந்தது. பாட்டு, கூத்து, கைவினை, சடங்கு, வாய்மொழிக் கதை போன்றவற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. அவை மனிதர்களின் நினைவிலும் கையிலும் வாழ்கின்றன. இவற்றைத் ‘தொட்டுணர முடியாத மரபுடைமை’ என்று இந்த ஒப்பந்தம் குறிப்பிட்டு, இவற்றையும் காக்க வேண்டும் என்றது. இந்தோனேசியா 2007இலும் மலேசியா 2013இலும் சிங்கப்பூர் 2018இலும் இதில் இணைந்தன.

ஒப்பந்தத்தின்கீழ் ஒரு பட்டியல் உண்டு. பட்டியல் என்றாலே மனிதர்கள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். உன் நாட்டுக்கு எத்தனை, என் நாட்டுக்கு எத்தனை என்ற கணக்கு, ஒலிம்பிக் பதக்கப் பட்டியலைப் பார்ப்பதுபோல வளர்ந்தது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்தோனேசிய பாத்திக் அப்பட்டியலில் இடம்பெற்றது. பெண்டெட் சச்சரவு மூண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. விண்ணப்பம் அதற்கு முன்பே சென்றிருந்தது என்றாலும், பலரும் அதை ஒரு வெற்றியாகவே கொண்டாடினர். அந்த நாள் இந்தோனேசியாவில் தேசிய பாத்திக் நாளாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவிலும் பாத்திக் உண்டே, அது என்னாவது என்ற கேள்வி கிளந்தானிலும் திரெங்கானுவிலும் எழுந்தது.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் சொத்துப் பத்திரம் அன்று. ஒரு கலை ஒரு நாட்டின் பெயரில் பதிவானால், அது அந்நாட்டுக்கு மட்டுமே உரியது என்று யுனெஸ்கோ எங்கும் கூறவில்லை. முதன்முதலில் யார் கண்டுபிடித்தார் என்று அது தீர்ப்பளிப்பதும் இல்லை. விண்ணப்பிக்கும் நாட்டிடம் அது கேட்கும் கேள்விகளே வேறு. இந்தக் கலையை இப்போது கடைப்பிடிப்பவர்கள் யார்? விண்ணப்பம் அனுப்புவதற்கு அவர்கள் மனமொப்பிச் சம்மதித்தார்களா? அடுத்த தலைமுறை இதை எப்படிக் கற்கிறது? இதைக் காக்க என்ன செய்யப் போகிறீர்கள்? ‘யாருடையது’ என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. செய்தித்தாள்களில்தான் இருக்கிறது.

பட்டியலை இருவகையாகவும் பயன்படுத்தலாம் என்பதற்குக் கொரியா நல்ல சான்று. கிம்ச்சி என்னும் ஊறவைத்த காய்கறி உணவு இரு கொரியாக்களிலும் அன்றாடம் உண்ணப்படுகிறது. தென்கொரியாவின் கிம்ச்சிப் பண்பாடு 2013இலும் வடகொரியாவின் கிம்ச்சிப் பண்பாடு 2015இலும் தனித்தனியே பதிவாயின. ஒரே பானையில் இருந்த உணவுக்கு இரண்டு பதிவுகள்! அதே நாடுகள் 2018இல் வேறு வழியில் நடந்தன. கொரியர்களின் மரபுவழி மற்போருக்கு இரு நாடுகளும் தனித்தனியாகவே விண்ணப்பித்திருந்தன. பின்னர், இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி அவையே கேட்டுக்கொண்டன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் கூடிய குழு அதை ஒரே பதிவாக ஏற்றது. இரு கொரியாக்களும் சேர்ந்து பெற்ற முதல் பதிவு அதுதான். அந்த மற்போரின் பெயரை இரு நாடுகளும் ஆங்கில எழுத்தில் சற்று வெவ்வேறாக எழுதுகின்றன. எது சரி என்று யாரும் வாதாடவில்லை. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவில் ஒரு சாய்கோடு இட்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் மலேசியாவும் இந்தோனேசியாவும் பந்துன் கவிதைக்குச் சேர்ந்து விண்ணப்பித்தன.

பந்துன், மலாய் உலகின் வாய்மொழிக் கவிதை. குறைந்தது ஐந்நூறு ஆண்டுகளாக வழங்கி வருவது. பரவலாக அறியப்பட்ட வடிவத்தில் அதற்கு நான்கு அடிகள் இருக்கும். முதலடியின் இறுதி ஒலி மூன்றாம் அடியின் இறுதியிலும், இரண்டாம் அடியின் இறுதி ஒலி நான்காம் அடியின் இறுதியிலும் திரும்ப வரும். தமிழ் யாப்பில் இதை ஒத்தது இயைபு. தமிழ்க் கவிஞர் பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் அமைத்து ஓசையை நாட்டுவார். பந்துன் பாடுபவர் அடியின் முடிவில் நாட்டுகிறார்.

பந்துனின் தனிச்சிறப்பு அதன் பொருளமைப்பில் உள்ளது. முதல் இரண்டு அடிகள் ஓர் ஆற்றையோ பறவையையோ பழத்தையோ சந்தைக்குப் போகும் வழியையோ காட்டும். இதற்குப் ‘பெம்பாயாங்’, அதாவது நிழல் காட்டுவது, என்று பெயர். சொல்ல வந்த கருத்து அடுத்த இரண்டு அடிகளில்தான் வெளிப்படும். நிழலுக்கும் கருத்துக்கும் உள்ள தொடர்பு சில பந்துன்களில் மிக நுட்பமாக இருக்கும். சிலவற்றில் ஓசைத் தொடர்பு மட்டுமே இருக்கும். சங்க அகப்பாடல்களில் இயற்கைக் காட்சிக்குள் தலைவியின் மனத்தை ஒளித்துவைக்கும் உள்ளுறையைப் படித்த மாணவருக்கு இந்த உத்தி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. நேரடியாகச் சொன்னால் புண்படுத்தும் ஒன்றைச் சுற்றி வளைத்துச் சொல்லப் பந்துன் பயன்பட்டது. பெண் கேட்கப் போகும் வீட்டு வாசலில் இரு குடும்பத்தாரும் பந்துனிலேயே பேசிக்கொள்வதும் உண்டு.

இப்போது மறுபடியும் ‘ராசா சாயாங்’ பாட்டை நினைத்துப் பாருங்கள். அனைவரும் சேர்ந்து பாடும் பல்லவிக்கு இடையில், ஒருவர் தனியாக நான்கு அடிகள் பாடுவார் அல்லவா? அந்த நான்கு அடிகள் பந்துன்தான். 2007இல் சண்டை மூட்டிய பாட்டின் உள்ளே, 2020இல் இரு நாடுகளும் சேர்ந்து கையெழுத்திட்ட கவிதை வடிவம் முன்பே இருந்திருக்கிறது.

கூட்டு விண்ணப்பம் எழுதுவது தனி விண்ணப்பத்தைவிடக் கடினம். கலையைப் பற்றிய விளக்கம் இரு நாடுகளும் ஏற்கும் சொற்களில் அமைய வேண்டும். பத்துப் புகைப்படங்களும் பத்து நிமிடத்திற்கு மேற்படாத ஒரு காணொளியும் இணைக்கப்பட வேண்டும். எந்த ஊர்ப் படம் இடம்பெறுவது, எந்த ஊர்ப் படம் விடுபடுவது? காணொளி எந்தக் கரையில் தொடங்குவது? கலையைக் கடைப்பிடிக்கும் சமூகத்தினரின் சம்மதக் கடிதங்களை இரு நாடுகளிலும் திரட்ட வேண்டும். இரண்டு அரசாங்கங்களின் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, எதிர்காலத்தில் சேர்ந்து செய்யப்போகும் பாதுகாப்புப் பணிகளை எழுத வேண்டும். மற்றவரைக் குறைத்து ஒரு வரி எழுதினாலும் ஆவணம் நகராது. ஒரு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஏற்கப்படும் விண்ணப்பங்களுக்கு வரம்பு இருப்பதால், பல நாடுகள் சேர்ந்து தரும் விண்ணப்பங்களுக்கு யுனெஸ்கோ முன்னுரிமை அளிக்கிறது. சேர்ந்து வருவதில் இப்படி ஓர் ஆதாயமும் இருக்கிறது. நல்லெண்ணம் மட்டுமே நாடுகளை ஒன்றாக உட்காரவைத்தது என்று சொல்வது மிகையாகும். விதிமுறையும் அவற்றை அந்தப் பக்கம் மெல்லத் தள்ளியது.

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கோவிட் பெருந்தொற்றின் காரணமாகக் குழு இணையவழியாகவே கூடியது. டிசம்பர் 17ஆம் நாள், இந்தோனேசியா, மலேசியா என்ற இரு பெயர்களின்கீழ் பந்துன் பட்டியலில் ஏறியது. அதே கூட்டத்தொடரில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடும் ஏற்கப்பட்டது. அதே வாரத்தில், வட ஆப்பிரிக்கர்களின் கூஸ்கூஸ் உணவு அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா, மொரித்தேனியா ஆகிய நான்கு நாடுகளின் பெயரில் பதிவாயிற்று. அல்ஜீரியாவுக்கும் மொரோக்கோவுக்கும் இடையிலான தரைவழி எல்லை 1994 முதல் மூடிக்கிடக்கிறது என்பதை நினைவில் கொண்டால் அந்தப் பதிவின் அருமை விளங்கும்.

பந்துன் இரு நாடுகளின் கதை. கெபாயா ஐந்து நாடுகளின் கதை. முன்புறம் திறந்த, மெல்லிய துணியில் பூவேலை செய்த மேற்சட்டை கெபாயா. பொத்தானுக்குப் பதிலாகக் ‘கெரோசாங்’ என்னும் அணியூசிகளால் அதை இணைப்பார்கள். கீழே சாரோங் உடுத்துவார்கள். மலாய்ப் பெண்கள், ஜாவா, பாலிப் பெண்கள், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நியோஞாக்கள், தென்தாய்லாந்துப் பெண்கள் எனப் பலரும் அணியும் உடை. கெபாயா என்ற பெயர் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. நியோஞா கெபாயாவின் பூவேலையில் சீன மரபும் ஐரோப்பியச் சரிகைப் பின்னலின் சாயலும் கலந்துள்ளன.

தமிழர்களுக்கும் இந்த உடையோடு தொடர்பு உண்டு. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே தமிழகக் கரையிலிருந்து வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிய வணிகர்களின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். அவர்கள் இந்துக் கோயிலில் வழிபடுகிறார்கள். வீட்டில் மலாய் பேசுகிறார்கள். அச்சமூகப் பெண்களின் மரபுடை சாரோங் கெபாயா. சோழமண்டலக் கரையின் துணிகளும் பல நூறாண்டுகள் இத்தீவுகளுக்கு வந்து குவிந்தன. மலேசிய ஆடவர் வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட சாரோங்குக்கு ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். பெலிகாட் என்பது வேறொன்றுமில்லை. சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு என்னும் துறைமுக ஊர்தான்.

இத்தனை கைகள் தொட்ட உடையை ஒரு நாட்டின் பெயரில் பதிவுசெய்ய முடியுமா? 2022இல் இந்தக் கேள்வி சூடாக விவாதிக்கப்பட்டது. இந்தோனேசியா தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்று அங்குள்ள கெபாயா ஆர்வலர் பலர் குரல் கொடுத்தனர். கூட்டாக விண்ணப்பித்தால் தங்கள் பங்கு மங்கிவிடும் என்பது அவர்களது அச்சம். மலேசியா கூட்டு விண்ணப்பத்திற்கான யோசனையை முன்வைத்து, பல நாட்டு அதிகாரிகளையும் கூட்டிப் பேசியது. அவ்வாண்டு இறுதியில் புருணை, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து விண்ணப்பிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அப்போது இந்தோனேசியாவின் பெயர் அதில் இல்லை. கெபாயாவை இந்தோனேசியா இல்லாமல் பதிவுசெய்வது எப்படி இருக்கும்? மணமகள் வராத திருமணம்போல இருக்கும். பின்னர் இந்தோனேசியாவும் இணைந்தது. ஐந்து நாடுகளின் விண்ணப்பமாக அது பாரிசுக்குச் சென்றது. இதற்கிடையில் இந்தோனேசியா ஜூலை 24ஆம் நாளைத் தன் தேசிய கெபாயா நாளாக அறிவித்தது. தனக்கென ஒரு நாள் வைத்துக்கொள்வதும் பிறரோடு சேர்ந்து பதிவுசெய்வதும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் கெபாயா பட்டியலில் சேர்ந்தது. பதிவின் பெயரைக் கவனித்தால் ஒன்று தெரியும். கெபாயா என்பதோடு அது நிற்கவில்லை. அதைச் சார்ந்த அறிவு, திறன், மரபு, வழக்கம் என்ற சொற்களும் பின்னால் வருகின்றன. பாதுகாக்கப்பட வேண்டியது அலமாரியில் தொங்கும் சட்டை மட்டுமன்று, அதைத் தைக்கும் கையும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதையே அப்பெயர் காட்டுகிறது. நியோஞா கெபாயாவில் ‘தெபோக் லூபாங்’ என்னும் ஒரு வேலைப்பாடு உண்டு. பூவின் ஓரத்தைத் தையலால் கட்டிவிட்டு, உள்ளிருக்கும் துணியை நுணுக்கமாக வெட்டியெடுத்துத் துளையிடுவார்கள். வெட்டு ஒரு நூலிழை தவறினால் சட்டை முழுதும் வீண். அந்த வேலையைப் பொறுமையாகக் கற்க முன்வரும் இளையோர் குறைவு. கணினிப் பூவேலை இயந்திரம் குறைந்த விலையில் அதைப்போலவே ஒன்றைச் செய்து கொடுத்துவிடுகிறது. ஐந்து நாட்டு அரசாங்கங்களின் கையெழுத்து, தையற்காரரின் ஒரு நாள் கூலியைத் தானாக உயர்த்திவிடாது.

எல்லாச் சச்சரவுகளும் தீர்ந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. அதே அசுன்சியோன் கூட்டத்தில் ‘ரியோக் பொனொரோகோ’ என்னும் ஜாவானியக் கூத்து, உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் இந்தோனேசியாவின் பெயரில் மட்டும் சேர்ந்தது. புலித்தலையும் மயில்தோகையும் கொண்ட மாபெரும் முகமூடியைப் பல்லால் கடித்துத் தாங்கி ஆடும் கூத்து அது. ஜொகூரில் வாழும் ஜாவானிய வழித்தோன்றல்கள் அதை ஒத்த ‘பாரோங்கான்’ ஆட்டத்தை ஆடி வருகிறார்கள். 2007இல் ‘ராசா சாயாங்’ போலவே இந்த ஆட்டமும் சச்சரவுக்குள்ளாயிற்று. ஒரே மேசையில் கெபாயாவுக்குச் சேர்ந்து அமர்ந்த நாடுகள், ரியோக்கைப் பொறுத்தவரை இன்னும் அந்த இடத்திற்கு வரவில்லை.

பட்டியலுக்கும் படிவத்திற்கும் வெகுகாலம் முன்பே, பந்துனைப் பகிர்ந்துகொள்ளும் வழியை மலாக்கா கண்டிருந்தது. அங்கே ‘டோண்டாங் சாயாங்’ என்னும் பாட்டு மரபு உண்டு. வயலினும் ரெபானா என்னும் ஒருமுகப் பறையும் காங்கும் மெதுவாக இசைக்க, இருவர் எதிரெதிரே நின்று பந்துன் பாடுவார்கள். ஒருவர் ஒரு பந்துனை எடுத்து வீசுவார். மற்றவர் அதே பொருளைப் பற்றி, அப்போதே கட்டிய பந்துனால் விடை சொல்ல வேண்டும். மலாய்க்காரர், பாபா நியோஞா, செட்டி, போர்த்துகீசிய வழித்தோன்றல் ஆகிய நான்கு சமூகத்தாரும் இதைப் பாடுகிறார்கள். 2018இல் டோண்டாங் சாயாங் பட்டியலில் சேர்ந்தபோது, அந்நான்கு சமூகங்களின் பெயரும் ஆவணத்தில் இடம்பெற்றன.

திருமணத்திலும் விழாவிலும் செட்டிப் பாட்டுக்காரரும் பாபா பாட்டுக்காரரும் ஒரே மேடையில் நிற்பதுண்டு. வயலின் அடுத்த சுற்றைத் தொடங்கும்போது, முதலில் பாடியவர் வாய்மூடி நின்று கேட்க வேண்டும். என்ன விடை வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. விடை வந்ததும், அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தம் அடுத்த பந்துனைக் கட்டத் தொடங்குவார்.